பொன்னாடையும் புத்தகச் சாக்கும்

பாராட்டு விழா நம்மிடையே ஒரு தனிக்கலையாகவே வளர்ந்துவிட்டது. வாசலில் வாழைமரம், மேடையில் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, ஏற்புரை, நன்றியுரை, இறுதியில் சிற்றுண்டி என்று அதற்கோர் இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறோம். நூலகர் ஒருவர் முப்பதாண்டு பணியாற்றி ஓய்வு பெறும்பொழுதும் இவ்விலக்கணம் வழுவாமல் விழா எடுக்கிறோம். அறிவுக்கோயிலின் அணையா விளக்கு என்கிறோம். நூல்களின் தாய் என்கிறோம். அவர் கண்கலங்க நாமும் கண்கலங்கிக் கலைகிறோம். மறுநாட்காலை அவ்வறிவுக்கோயிலின் சாவி யாரிடம் போயிற்று என்று கேட்பார் இல்லை. அவர் அமர்ந்த நாற்காலி பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமலே கிடக்கிறது. விளக்கைப் போற்றிய நாம் எண்ணெய்க்கு வழி செய்யவில்லை.

நூலகர்க்குச் சிறப்புச் செய்தல் வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் கிடைக்கும் மதிப்பில் கால்பங்கும் கிடைக்காத தொழில் அது. ஆதலின் ஒரு நாளேனும் அவரை மேடையேற்றுவது தகும். ஆயினும் எதனைச் சிறப்பென்று கருதுகிறோம் என்பதில்தான் நமக்கும் நம் விழாக்குழுவினருக்கும் வழக்கு. ஒருவர் ஆற்றிய தொண்டை வியப்பது வேறு. அத்தொண்டு தொடர வழி செய்வது வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்ததாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இவ்வழக்கைத் தீர்க்கச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மூணாற்றிலிருந்து புறப்பட்டு இராஜமலை வழியாகப் பெட்டிமுடி சென்று, அங்கிருந்து காட்டுக்குள் நடந்தால் போதும்.

பெட்டிமுடி என்ற பெயரைத் தமிழர் எளிதில் மறத்தலாகாது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் மலை சரிந்து எழுபது உயிர்களைக் கொண்டுபோன இடம் அது. மாண்டவர்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். அவ்விடத்தைக் கடந்து அடர்ந்த காட்டு வழியில் 18 கிலோமீட்டர் நடந்தால், இடமலைக்குடிப் பகுதியைச் சேர்ந்த இருப்புக்கல்லுக்குடி வரும். இடமலைக்குடி, மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்தது. முத்துவர் என்னும் மலைக்குடியினர் வாழும் சிற்றூர்கள் அடங்கிய நிலம் அது. யானை நடமாடும் காடு. மழைக்காலத்தில் வெளியுலகோடு தொடர்பறும் ஊர்கள்.

2014ஆம் ஆண்டில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே நடந்து சென்று கண்டதை எழுதினார். மண்சுவர் எழுப்பிய ஒரு தேநீர்க்கடை. கடையின் முன்னே கையால் எழுதிய ஒரு பலகை. அக்ஷரா கலை விளையாட்டுக் கழகம், பொது நூலகம், இருப்புக்கல்லுக்குடி, இடமலைக்குடி என்பது அதன் பொருள். கடைக்காரர் பி.வி. சின்னத்தம்பி, அப்போது அகவை 73. நூலகம் எங்கே என்று கேட்டவர்களுக்கு அவர் கடையின் உள்ளே சென்று இரண்டு பெரிய சணற்சாக்குகளைத் தூக்கி வந்து பாயின் மேல் கொட்டினார். 160 நூல்கள். வைக்கம் முகமது பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ், எம். முகுந்தன், லலிதாம்பிகா அந்தர்ஜனம் ஆகியோரின் படைப்புகள், காந்தியடிகளின் எழுத்துகள், தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகம், இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம். பொழுதுபோக்குக் குப்பை ஒன்றும் இல்லை. தேர்ந்தெடுத்துச் சேர்த்த இலக்கியம்.

உறுப்பினராகச் சேர 25 ரூபாய். அது ஒருமுறை கட்டினால் போதும். திங்கள்தோறும் 2 ரூபாய். நூலை எடுத்துச் செல்லத் தனிக் கட்டணம் கிடையாது. சர்க்கரையில்லாக் கட்டன்சாயாவுக்கும் காசு கிடையாது. மலையேறி இளைத்து வருகிறவரிடம் அதற்கு விலை கேட்பது முறையன்று என்பது கடைக்காரரின் எண்ணம். பிஸ்கட், மிக்சர் முதலியவற்றுக்கே விலை. எந்நாளில் யார் எந்நூலை எடுத்தார் என்று அவர் ஒரு பதிவேட்டில் அழகுறக் குறித்து வந்தார். 2013ஆம் ஆண்டில் 37 நூல்கள் எடுக்கப்பட்டதாக அப்பதிவேடு காட்டியது என்று சாய்நாத் எழுதுகிறார். இருப்பில் ஏறத்தாழக் கால்பங்கு. சிலப்பதிகாரம் ஒருமுறைக்கு மேலும் போய் வந்திருக்கிறது. நம் நகரத்து நூலகங்களில் சிலப்பதிகாரம் கடைசியாக எப்போது வெளியே சென்றது என்று அதன் பின்னட்டைத் தாளைப் பார்த்துச் சொல்ல வல்லவர் யாரேனும் இருந்தால் சொல்லட்டும்.

இந்நூலகம் சின்னத்தம்பி ஒருவரால் எழுந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பி.கே. முரளீதரன் என்னும் ஆசிரியர், மலைமக்கள் முரளி மாஷ் என்று அழைப்பவர், அதற்குத் துணையாக நின்றவர். வேறொரு பழங்குடியிற் பிறந்து, முத்துவர் பிள்ளைகளின் கல்விக்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அவர். வீரன் ஒருவனைத் தேர்ந்து அவனுக்கே மாலையிடும் நம் விழா வழக்கம், பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதேயில்லை.

இங்கே நம் நண்பர் சிலர் குறுக்கிடுவர். தேநீர்க்கடைக்காரர் எங்ஙனம் நூலகர் ஆவார்? நூலகவியலில் பட்டம் பெற்றாரா? நூற்பகுப்பு முறை அறிவாரா? அட்டவணை செய்தாரா? நல்ல மனிதர் என்று சொல்லுங்கள், சமூகத் தொண்டர் என்று சொல்லுங்கள், ஆனால் நூலகத் தொழிலின் பெயரை அவருக்குச் சூட்டித் தொழிலை மலிவாக்காதீர் என்பது அவர்கள் வாதம். தம் தொழிலின்மேல் உள்ள பற்றினால் எழும் வாதமாதலின் இதனைத் தள்ளிவிடாமல் விடை கூறுவோம்.

இந்திய நூலகவியலின் தந்தை என்று அவர்களும் நாமும் ஒருங்கே வணங்கும் சீர்காழி எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றின் கருத்தை நம் சொற்களில் கூறுவோம். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கு. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகனை அடைதல் வேண்டும். வாசகனின் காலம் வீணாகலாகாது. நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருக்கும். இவ்வைந்தையும் உரைகல்லாகக் கொண்டு இரு நூலகங்களை உரைத்துப் பார்ப்போம். ஒன்று, நகரின் நடுவே பளிங்குத் தரையும் கண்ணாடி அலமாரியும் உடையது. அலமாரிக்குப் பூட்டு உண்டு. பூட்டின் சாவி விடுப்பில் சென்றவரிடம் உண்டு. மற்றொன்று சாக்கில் கிடப்பது; கேட்டவர் முன்னே கொட்டப்படுவது. முதல் விதி எங்கே நிற்கிறது? யானைக்காட்டில் இருக்கும் வாசகன் நூலைத் தேடி மூணாற்றுக்கு வருவதும் போவதுமாக இரு நாள் இழக்க வேண்டியிருக்க, அவன் குடிசைக்கு அண்மையில் நூல் இருக்குமாறு செய்தவர் நான்காம் விதியைக் காத்தாரா இல்லையா? ஐந்தாம் விதி ஒன்றில்தான் சின்னத்தம்பியின் நூலகம் தடுமாறியது. வளர்வதற்கு வேண்டிய பொருள் அதனிடம் இல்லை. அக்குறை நூலகருடையதன்று.

பட்டத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக இரங்கநாதனை அமர்த்தியபோது அவர் கணித ஆசிரியர். நூலகத் தொழிலில் பயிற்சி ஏதும் இல்லாதவர். ஆளரவம் இல்லாத அந்நூலகத்தில் அமர்ந்திருக்கப் பொறாமல் கல்லூரிப் பணிக்கே திரும்பிவிட முயன்றவர். இலண்டன் சென்று அங்குள்ள பொது நூலகங்கள் எளிய மக்களுக்கு எங்ஙனம் பயன்படுகின்றன என்று கண்டபின்னரே அவர் மனம் மாறியது. நூலறையின் தனிமைக்கு அஞ்சிய ஒருவரை நூலகராக்கியது வாசகரின் முகமேயன்றிப் பட்டத்தாள் அன்று. பயிற்சி வேண்டா என்பது இதன் பொருளாகாது. இரங்கநாதனே பயிற்சிப் பள்ளி நடத்தியவர். தம் வாழ்நாட் சேமிப்பை நூலகவியல் கல்விக்கு அறக்கட்டளையாக வைத்தவர். பயிற்சி பெறாமலே தொழில் அறத்தைக் கைக்கொண்டவரைக் கண்டால், பயிற்சி பெற்றவர் எழுந்து நின்று இருக்கை தருதல் முறை என்பதே நாம் சொல்வது. 1931இல் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பியபோது, அவ்வண்டி நூலகத்தைத் தொடங்கி வைக்க இரங்கநாதன் சென்றார். வண்டிக்காரருக்குப் பட்டம் உண்டா என்று அவர் கேட்கவில்லை.

இனி, நமக்கு இன்னும் பெரிய வழக்கு வேறொரு சாராரோடு உண்டு. இவர்கள் சின்னத்தம்பியைப் போற்றுகிறவர்கள், அளவுகடந்து போற்றுகிறவர்கள். வறுமையிலும் இத்தகைய தொண்டா என்று உருகுகிறார்கள். ஊதியம் பெறாமல் உழைத்தாரே, அதுவன்றோ உயர்வு என்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான இச்சொற்களில் ஒரு நஞ்சு கலந்திருக்கிறது. ஊதியம் இல்லாமையே உயர்வு என்றால் ஊதியம் கேட்கிற நூலகர் தாழ்ந்தவராகிவிடுகிறார். சாக்கில் நூல் வைத்திருப்பதே அழகு என்றால் அலமாரி வாங்கித் தரும் கடமை யாருக்கும் இல்லாமற்போகிறது. தேநீர்க்கடையின் வருவாயில் ஒரு பொதுநூலகம் நடந்தது என்பது சின்னத்தம்பிக்குப் பெருமை. நாட்டுக்கு அது பெருமையாகாது.

தமிழ்நாட்டின் திருவைகுண்டம் குமரகுருபரர் கலைக்கல்லூரியில் முப்பதாண்டுகளுக்கு மேல் நூலகராக இருந்தவர் பாலம் கலியாணசுந்தரம். தாம் பெற்ற ஊதியத்தை ஏழை எளியவர்க்கே ஈந்து, தம் உணவுக்கு வேறு வேலை செய்து வாழ்ந்தவர் என்று நாடறியும். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எப்பிரிவில் கிடைத்தது? சமூகத் தொண்டு என்னும் பிரிவில். விருது தக்கவரையே சேர்ந்தது, ஐயமில்லை. ஆயினும் அவரைப் பற்றி வெளிவந்த கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். எத்தனை ரூபாய் ஈந்தார் என்று ஒவ்வொன்றும் கூறும். அத்தனை ஆண்டுகளில் அந்நூலகத்திற்கு வந்த மாணவர்க்கு எந்நூலை எடுத்துக் கொடுத்தார், எப்படி நூலகத்தை நடத்தினார் என்பதைக் கூறும் கட்டுரை அரிது. நூலகர் ஒருவரை நாடு போற்றியபோதுகூட, அவர் நூலகராக இருந்ததற்காகப் போற்றவில்லை. ஊதியத்தைத் துறந்தால் விருது; நூலைத் தந்தால் அது வெறும் வேலை. இவ்வளவே நம் மதிப்பீடு.

சட்டங்கள் இல்லாமலில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதல் பொதுநூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1948. தமிழ்நாட்டில் வீட்டுவரியோடு நூலக வரியும் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நாம் கட்டுகிறோம். கட்டிய வரியை உள்ளாட்சி அமைப்புகள் நூலகத் துறைக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பதும், ஊர்ப்புற நூலகர் காலமுறை ஊதியம் கேட்டு மனுமேல் மனு எழுதுவதும் நாம் அறிந்தவையே. கேரளத்தின் வரலாறு வேறு. அங்கே பி.என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைத் திரட்டித் தொடங்கிய சங்கம் மக்கள் இயக்கமாயிற்று; 1989இல் சட்டமும் வந்தது; இன்று எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர் நூலகங்கள் அங்கு உள்ளன. பணிக்கர் மறைந்த ஜூன் 19ஆம் நாளை வாசிப்பு நாளாகவும் கொண்டாடுகின்றனர். நாம் அவர்களைப் பார்த்துக் கற்க வேண்டியது மிகுதி. ஆனால் அவ்வூர் நூலகங்களிலும் நூலகர் பெறுவது சிறு படியே. ஊதியம் என்று சொல்லத்தக்கதன்று. இவ்விரு மாநிலங்களின் எல்லையில் நின்று பார்க்கிற நமக்கு, மலையின் இருபுறமும் ஒரே காட்சி தென்படுகிறது. கட்டடத்துக்குப் பணம் உண்டு, திறப்பு விழாவுக்குப் பணம் உண்டு. உள்ளே அமர்கிறவருக்கு மட்டும் வாழ்த்துண்டு.

அரசுகளைச் சாடிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. இம்மலரைப் படிக்கும் அன்பர்களை நோக்கியே எஞ்சியதைச் சொல்கிறோம். இருப்புக்கல்லுக்குடியில் இருந்த சிலப்பதிகாரம் எம்மொழியில் இருந்தது தெரியுமா? மலையாள மொழிபெயர்ப்பு அது. இதில் மலையாளத்தின்மேல் நமக்கு வருத்தமில்லை, நன்றியே உண்டு. இளங்கோவைத் தம்மவராகக் கொண்டாடும் அம்மொழியினர் அவரைக் காட்டுக்குள்ளும் கொண்டுசேர்த்தனர். நாம் என்ன செய்தோம்? ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவன்று தேனி எல்லையில் மங்கலதேவி மலைமேல் ஏறிக் கண்ணகிக்குப் பொங்கலிடுகிறோம். கோயிலுக்கு உரிமை யாருடையது என்று இரு மாநிலத்தாரும் எல்லைக்கல்லைச் சுட்டிக்காட்டி வாதிடுகிறோம். கற்கோயிலுக்காக அத்தனை குரல் எழுப்பும் நம்மில், சொற்கோயிலாகிய காப்பியத்தின் மூலத்தை அதே மாவட்டத்து மலைக்குடிக்கு ஒரு படி அனுப்ப வேண்டும் என்று எண்ணியவர் எத்தனை பேர்?

முத்துவரின் வழிவழிக் கதை, தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர் என்கிறது. பிள்ளைகளையும் தெய்வத் திருவுருவையும் முதுகில் சுமந்து வந்தமையால் அப்பெயர் வந்தது என்பாரும் உளர். அவர்கள் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. இதைக் கேட்டவுடன் நம் மேடைப் பேச்சாளர்கள் துள்ளியெழுந்து, பார்த்தீர்களா, அவர்கள் தமிழர் என்று முழங்குவர். அம்முழக்கத்தையும் நாம் ஏற்கவில்லை. முத்துவர் தம்மை முத்துவர் என்றே சொல்கின்றனர். அவர்கள் பேச்சைத் தனிமொழியாகக் கருதும் மொழியறிஞரும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் கற்பது மலையாளம். ஆதலின் அந்நூலகத்தில் மலையாள நூல்கள் இருந்தது முற்றும் சரியே. உறவு கொண்டாட விரும்புகிறவன் முதலில் உறவினன் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதிருக்கக் கற்க வேண்டும். உரிமை பேசுவது பிறகு.

மூணாற்றைச் சூழ்ந்த தோட்டங்களில் நான்கு ஐந்து தலைமுறையாக வாழும் தமிழர்க்கும் இவ்வழக்கில் பங்குண்டு. லயத்து வீடுகளில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் எழுத்தறிந்து, பின் படிப்பதற்கு நூலின்றி அவ்வெழுத்தை மறந்துபோனவர்களை நாம் நேரில் அறிவோம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பெண்ணுக்கு மாலையில் ஒரு நாவல் கிடைக்குமிடம் நடந்து செல்லும் தொலைவில் உண்டா என்று நம் சங்கங்கள் கேட்டதில்லை. கவியரங்கம் நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், பெரியதொரு மலரும் வெளியிடுகிறோம். நடுவருக்கு வழிச்செலவு தருகிறோம். 73 வயதுக் கடைக்காரர் ஒருவர் 160 நூல்களை வைத்துக்கொண்டு செய்த அளவுக்கு, நூற்றுக்கணக்கில் உறுப்பினர் உடைய நம் அமைப்புகள் செய்ததுண்டா?

ஆகவே இவ்வாண்டு நூலகர் பாராட்டு விழாவுக்கென ஒதுக்கும் தொகையைப் பற்றி ஒரு முன்மொழிவை வைக்கிறோம். இருப்புக்கல்லுக்குடி நூலகத்தில் ஓர் உறுப்பினர் செலுத்திய சந்தா ஆண்டுக்கு 24 ரூபாய். ஒரு பொன்னாடையின் விலை எத்தனை உறுப்பினரின் ஆண்டுச் சந்தா என்று நம் பொருளாளரே கணக்கிட்டுக் கூறட்டும். அத்தொகையில் நூல் வாங்குவோம். எந்நூல் வேண்டும் என்பதை நாமே தீர்மானித்துப் பழைய மலர்களையும் விற்காத கவிதைத் தொகுதிகளையும் கட்டி அனுப்பிவிடாமல், இடமலைக்குடியில் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் அங்குள்ள பெற்றோரிடமும் கேட்டு வாங்குவோம். சிலப்பதிகாரத்தைத் தமிழிலேயே, அங்குள்ள பிள்ளைகள் படிக்கத்தக்க மலையாள எழுத்தில், அருஞ்சொற்பொருளோடு அச்சிட இயலுமா என்று இரு மொழியும் அறிந்த புலவர் இருவரை அமர்த்தி ஆராய்வோம். முத்துவர் தம் பாட்டையும் கதையையும் தாமே எழுதித்தர விரும்பினால் அதற்குரிய அச்சுச்செலவை ஏற்போம். பதிப்பாசிரியர் என்று நம் பெயரை முகப்பில் இட்டுக்கொள்ள வேண்டா. நூல்களைப் பார்த்துக்கொள்கிறவர் யாராயினும் அவருக்குத் திங்கள்தோறும் ஒரு தொகை சேர வேண்டும். நன்கொடை என்று அதற்குப் பெயரிடாமல், ஊதியம் என்றே கணக்கில் எழுத வேண்டும்.

சாலை செல்லுமிடம் வரை நூற்கட்டுகள் ஜீப்பில் போகும். அதற்கப்பால் தலைச்சுமைதான். சுமப்பவரின் கூலியையும் இப்போதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுவது நல்லது. இல்லையேல் அதனையும் யாரோ ஒரு சின்னத்தம்பியின் தலையில் கட்டிவிட்டு, அவருக்கும் ஒரு பொன்னாடை வாங்கப் புறப்பட்டுவிடுவோம்.